தாத்தாவின் விலை பேரனைவிட அதிகம்

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்வோர் குறைந்த விலையில் ரைஃபிள் வாங்குவதானால், புதியதை வாங்குவது நல்லதா, பழையதை வாங்குவது நல்லதா?

பதில்: பழையது என்றாலே மலிவு என்ற கணக்கை வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 ரைஃபிள் பொய்யாக்கிவிட்டது. செலவைக் குறைப்பதற்காக அந்நிறுவனம் 1964-இல் தயாரிப்பு முறையை மாற்றியதால், அதற்கு முன் வந்தவற்றைச் சேகரிப்போர் தேடித்தேடி வாங்க, தாத்தா பேரனைவிட அதிக விலைக்குப் போகும் விந்தை நிகழ்கிறது. சிக்கனம் பார்ப்பவருக்கு, 1958-இல் அறிமுகமான சாவேஜ் 110 போன்ற 'போல்ட் ஆக்‌ஷன்' வகை, அதாவது ஒவ்வொரு முறை சுட்டபின்னும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளவேண்டிய வகை, பழையதாகக் கிடைத்தாலே போதுமானது. எனினும், வாங்குமுன் உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் விளக்கொளி பாய்ச்சினால், குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள் தேய்ந்துள்ளனவா, துருக்குழிகள் விழுந்துள்ளனவா என்பது தெரிந்துவிடும். கட்டையின் மெருகு விற்பவரின் சாமர்த்தியத்தைக் காட்டும், குழலின் உட்புறமே துப்பாக்கியின் குணத்தைக் காட்டும். ரூகர் அமெரிக்கன் போன்ற புதியவை பிளாஸ்டிக் கட்டையோடு விலை குறைவாக வருகின்றன. அழகுப் போட்டியில் தோற்றாலும் குறியில் அவை சோடைபோவதில்லை. மிஞ்சும் பணத்தைக் குறிபார்க்கும் தொலைநோக்கிக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் செலவிடுவதே அறிவுடைமை. ரைஃபிளின் விலையை எந்த மானும் விசாரிப்பதில்லை.