சமைத்துப் பார் மாமி

இந்த மாமியை மயிலாப்பூரில் பார்க்கலாம், மாம்பலத்தில் பார்க்கலாம். பிள்ளை வீட்டுக்கு ஆறு மாசம் போனவராக நியூ ஜெர்சியிலும் பார்க்கலாம். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகத்தின் முதல் பாகம், அதுவும் பழைய பதிப்பு, இவர் வசம் இருக்கும். அட்டை என்றோ போயிற்று. இப்போது காலண்டர் முருகன்தான் அட்டை. உள்ளே பால் கணக்கு, யாருடையதோ ஜாதகம், எந்தக் காலத்திலோ போட்ட மளிகை லிஸ்ட். புளிக்கறை படிந்து எழுத்தே தெரியாத பக்கம் வத்தக்குழம்பு.

சமைப்பதற்காக இவர் அதைத் திறப்பதில்லை. எல்லாம் கைக்கணக்கு. அடுத்தவள் சமையலைச் சாப்பிட்ட பிறகுதான் திறப்பார்.

“மீனாட்சி அம்மாள் இதுக்கு வெல்லம் போடச் சொல்லலையே!”

மருமகள் பக்கத்தைப் புரட்டி, “போட்டிருக்கேம்மா” என்று காட்டினால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படிப்பார். பிறகு தீர்ப்பு: “அச்சுப் பிழை.”

இரவல் மட்டும் கேட்கக் கூடாது. “ஜெராக்ஸ் எடுத்துக்கோயேன். கடைக்கு நானும் வரேன்.”

வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரு மாமியே தேவைப்படக் கூடாது என்றுதான் அந்தப் புத்தகம் பிறந்தது. உறவுக்காரர்கள் பக்குவம் கேட்டு நச்சரிக்க, உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி அய்யர் ஊக்கம் கொடுக்க, மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் வெளியிட்டார். வீட்டில் பெரியவர்கள் இல்லாத புதுப் பெண்ணும் பிழைத்துக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். அன்றைய அளவு பலமும் ஆழாக்கும். பிறகு கிலோவும் கிராமும் வந்தன, பதிப்புகளும் மாறின, ‘குக் அண்ட் ஸீ’ என்று இங்கிலீஷிலும் போயிற்று. மாமி மட்டும் மாறவில்லை.

“பலம்னா எத்தனை கிராம் மாமி?”

“முப்பத்தஞ்சு. அதைக்கூடச் சொல்லித் தராம என்ன காலேஜ்?”

கல்யாணமாகி அமெரிக்கா போகிற பெண்ணுக்கு மாமி தருவதும் இதே புத்தகம்தான், புதுப் பதிப்பு. தருவதற்கு முன் உட்கார்ந்து, புளிக்குக் கொடுத்த அளவையெல்லாம் பென்சிலால் அடித்து ‘எலுமிச்சங்காய் அளவு’ என்று திருத்திவிடுவார். அப்புறம் ஒருநாள் அகாலத்தில் போன் வரும்.

“மாமி, இங்கே எலுமிச்சங்காய் ஆரஞ்சு சைஸுக்கு இருக்கு. ரசத்தை வாயில வைக்க முடியலை!”

“நம்மூர் எலுமிச்சங்காய்டி அசடே! இதெல்லாம் புஸ்தகத்துல இருக்காது. என்னைத்தான் கேக்கணும்.”