டெக் டிக்கெட்டும் பால்கனி அறையும்

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கைத் தொட்டு, சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவர். அதே கடல்வழியில் ஒரு பகுதியை 2020 பிப்ரவரியில் நான் திருப்பிப் போனேன்: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து லங்காவி, மறுபடி சிங்கப்பூர். அவர் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வருஷங்களில் 'ரஜூலா' என்ற கப்பலின் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தார். எனக்கு பால்கனி வைத்த அறை. இரண்டு காலத்திலும் கரையில் இருந்தவர்களுக்கு ஒரே பயம்தான், கப்பலில் வருகிறவர்கள் நோயைக் கொண்டுவந்து விடுவார்களோ என்று. அந்தப் பயம் அன்றைக்கும் யார் தலையில் விடிந்தது, இன்றைக்கும் யார் தலையில் விடிகிறது என்பதை நினைக்காமல் அந்தப் பயணத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று, போர்க்காலம் நீங்கலாக, நாற்பது வருஷத்துக்கு மேல் போய்வந்தது. 1974இல் உடைத்தார்கள். மலாயாவில் வேர் பிடித்த தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்காத வீடு குறைவு. ஆரம்ப காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற ஏணியைப் பிடிக்க வேண்டும். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய். பாய் விரித்த இடம்தான் ஒரு வாரத்துக்கு மேல் வீடு. பக்கத்துப் பாய்க்காரர் வாந்தி எடுத்தால் நகர்ந்து படுக்க இடமில்லை என்று தாத்தா சொல்வார். கப்பல் சமையல்காரரான பண்டாரி கொடுத்த சோற்றைப் பற்றி அவர் குறை சொன்னதே இல்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது செயின்ட் ஜான்ஸ் தீவைத்தான். சிங்கப்பூருக்குத் தெற்கே, நகரத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1873இல் இங்கே காலரா பரவிய பிறகு, மறுவருஷமே அந்தத் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் வந்துவிட்டது. 1930களில் உலகத்திலேயே பெரிய நிலையங்களில் அதுவும் ஒன்று. மேல்வகுப்பில் வந்தவர்கள் பெரும்பாலும் நேரே கரை இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். டெக்கில் வந்தவர்களைத் தீவில் இறக்குவார்கள். உடுத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மருந்துத் தண்ணீரில் குளிக்க வேண்டும். கொண்டுவந்த துணியெல்லாம் மூட்டையாக நீராவிக்குப் போகும். தாத்தாவின் அம்மா புறப்படும்போது ஒரு சிவப்புத் துண்டு கொடுத்திருந்தார். மூட்டை திரும்பி வந்தபோது அதன் சாயம் அவருடைய இரண்டு வேட்டிகளிலும் ஏறியிருந்தது. வேலை தேடி முதல் நாள் மார்க்கெட் தெருவுக்குப் போனபோது கட்டியிருந்தது அந்தத் திட்டுத்திட்டான வேட்டியைத்தான். கடைசி வரைக்கும் கார்பாலிக் சோப்பு வாசனை வீட்டுக்குள் வரக் கூடாது அவருக்கு.

காலராவும் அம்மையும் கொள்ளைகொள்ளையாக ஆளைக் கொன்ற காலம். தடுத்து நிறுத்தாமல் விட்டிருந்தால் ஊரே செத்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிருமி டிக்கெட்டைப் பார்த்து ஏறுவதில்லை. ஒரே கப்பலில் வந்தவர்களில் ஒரு பகுதியைத் தீவுக்கும் மறுபகுதியை வீட்டுக்கும் அனுப்பியதில் மருத்துவம் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்ற கேள்வியைத் தாத்தா கேட்காமலே போய்விட்டார். அவருக்குப் பதிலாக நான் கேட்கிறேன்.

எங்கள் பயணம் மகள் ஏற்பாடு செய்தது. நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக, கோவிட் என்ற பெயர்கூடத் தெரியாத காலத்திலேயே பணம் கட்டியிருந்தாள். 2020 ஜனவரி 23ஆம் தேதி சிங்கப்பூரில் முதல் நோயாளி உறுதியானார். பிப்ரவரி 1 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு முகக்கவசம் என்று அரசாங்கம் கொடுத்தது. எங்கள் புளோக்குக்குக் கீழே வசிப்போர் குழு நிலையத்தில் வரிசையில் நின்று வாங்கினேன். உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் போட்டால் போதும் என்று அப்போது சொல்லியிருந்ததால், அந்த நான்கும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. 7ஆம் தேதி எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்த அன்று மாலையே கடைகளில் அரிசியும் நூடுல்ஸும் டாய்லெட் பேப்பரும் காலி. மறுநாள் தைப்பூசம். காவடிகள் போயின. அடுத்த வாரத்தில் நாங்கள் மரினா பே குரூஸ் சென்டரில் பெட்டியோடு நின்றோம். நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள். பதினான்கு நாளுக்குள் சீனாவுக்குப் போனதுண்டா என்று கேட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். அவ்வளவுதான், உள்ளே விட்டுவிட்டார்கள்.

ஜப்பானின் யோக்கஹாமாவில், தொற்று பரவிய 'டைமண்ட் பிரின்சஸ்' நின்றுகொண்டிருந்த நாள்கள் அவை. 3,711 பேர் இருந்த கப்பல். பயணிகளை அவரவர் அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கதவுக்குக் கதவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனது யார்? சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் அறை துடைக்கிறவர்களும். அவர்களை யாரும் தனிமைப்படுத்தவில்லை, படுத்தினால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இல்லை. பிப்ரவரி 9 வரையில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவில் வேலை செய்தவர்கள். கடைசியில் அந்தக் கப்பலில் 712 பேருக்குத் தொற்று. அதிலிருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். தாத்தா காலத்தில் டெக்கில் பாய் விரித்துப் பயணியாக வந்த ஜனம், இப்போது கப்பல்களில் தட்டு ஏந்தி நிற்கிறது. இந்த மாற்றம் அந்தச் செய்திகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

'வெஸ்டர்டாம்' என்ற இன்னொரு கப்பலைத் தாய்வான், ஜப்பான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து எல்லாம் சேர்க்க மறுத்துவிட்டன. பிப்ரவரி 13இல் கம்போடியா மட்டும் கரைக்கு வா என்றது. எங்கள் கப்பலில் இரவுச் சாப்பாட்டு மேசைகளில் அந்தக் கப்பலைப் பற்றித்தான் பேச்சு.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டது ஒரு பையன். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். முதல் நாள் துண்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தவன், நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பினான்.

"மேடம், தமிழா?"

"ஆமாம் தம்பி. எந்த ஊரு?"

"நாகூர்ப் பக்கம்மா."

அதோடு மேடம் போய்விட்டது. கை விரல்களின் கணுவெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது அவனுக்கு. மணிக்கொரு தடவை கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், மாடிப்படிக் கம்பி எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டுமாம். கையுறைக்குள்ளே வியர்த்து, மருந்து பட்டு, தோல் உரிந்துவிட்டது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையில், மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. கூட இருந்தவன் பிலிப்பினோ. "அவன் தும்மினா நான் முழிச்சுக்குவேன், நான் தும்மினா அவன் முழிச்சுக்குவான்" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.

மரினா பேயிலிருந்து புறப்பட்ட மாலையில் பால்கனிக்கு எதிரே தெற்குத் தீவுகள் நகர்ந்தன. கூசு, லாசரஸ், அதையொட்டி செயின்ட் ஜான்ஸ். அது எந்தத் தீவு என்று மகளிடம் சொன்னேன். தாத்தா இறங்கிய இடத்தை அவள் கடலிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. படம் எடுத்தாள். நான் எடுக்கவில்லை.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் பியரில் கப்பல் கட்டினார்கள். இறங்கி நடந்தாலே ஜார்ஜ் டவுன். குவீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், பினாங்கு வீதியில் பூக்கடை, பாட்டுக் கடை, இட்லி வாசனை. ரஜூலா இங்கே நின்றபோது தாத்தாவால் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்க்க மட்டும் முடிந்தது. சிங்கப்பூர்ச் சீட்டு வாங்கிய டெக் பயணிக்கு இங்கே இறங்க வழியில்லை. நான் அவர் பார்த்த கரையில் நாள் முழுக்கத் திரிந்தேன். பையனுக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்று காலையிலேயே கேட்டிருந்தேன். "எங்களுக்கு இறங்க அனுமதி இல்லம்மா, இந்தத் தடவை பயணிகளுக்கு மட்டும்தான். தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில் கிடைச்சா வாங்கிட்டு வாங்க, கைக்குத் தடவணும்" என்றான். கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். டெக் பயணியின் இடத்தில் இப்போது அவன் நிற்கிறான் என்று அந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பையில் வைக்கும்போது தோன்றியது. வருத்தமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

லங்காவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுகுச் சிலை, கடல், வெயில். நல்ல ஊர்.

நாங்கள் திரும்பி வந்து உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தோம். மார்ச்சில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. 'கோஸ்டா ஃபார்ச்சுனா'வைத் தாய்லாந்தும் மலேசியாவும் சேர்க்கவில்லை. 10ஆம் தேதி சிங்கப்பூர் அதைக் கரைக்கு எடுத்தது. 13ஆம் தேதியோடு சிங்கப்பூரும் உல்லாசக் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடியது. ஏப்ரலில் நோய் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்குள் புகுந்தது. ஏப்ரல் 5இல் பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு விடுதிகளை அப்படியே தனிமைப்படுத்தினார்கள். ஏறக்குறைய 20,000 பேர். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பல இடங்களில் அதற்கும் மேலே, அடுக்குக் கட்டிலில். இடைவெளி விட்டு இருங்கள் என்று வானொலியில் நான்கு மொழியிலும் சொன்னபோது, அவர்களுக்கு இடைவெளிக்கு எங்கே போவது? புதுக்கோட்டை, சிவகங்கை, கடலூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அவர்களுக்குத் தரமான சிகிச்சை கிடைத்தது, சம்பளத்துக்கும் ஏற்பாடு நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் நாமெல்லாம் கடைக்கும் பூங்காவுக்கும் போக ஆரம்பித்து வெகுகாலம் கழித்தும் அவர்கள் விடுதிக்கும் வேலையிடத்துக்கும் நடுவிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு வருஷக்கணக்கில் நீண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

குணமான ஊழியர்களைத் தங்கவைக்க இடம் வேண்டும் என்று 'சூப்பர்ஸ்டார் ஜெமினி', 'சூப்பர்ஸ்டார் அக்குவாரியஸ்' என்ற இரண்டு உல்லாசக் கப்பல்களை எடுத்தார்கள். அவை நின்றது மரினா பே குரூஸ் சென்டரில். பிப்ரவரியில் நான் பெட்டி உருட்டிக்கொண்டு போன அதே வாசல். கப்பலின் கேளிக்கை இடமெல்லாம் மூடியிருந்தது. சாப்பாடு அறைக்கு வரும். தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் தாத்தாவைப் போல ஊரிலிருந்து கடன் வாங்கி வந்த ஒருவர் முதல்முறையாக மெத்தை போட்ட கப்பல் அறையில் படுத்திருப்பார், அதற்கு அவருக்கு நோய் வர வேண்டியிருந்தது என்று நினைத்தேன்.

நாகூர்ப் பையன் அந்த நாள்களில் வாட்ஸ்அப்பில் வந்தான். பயணிகளை இறக்கிவிட்ட கப்பல் ஊழியர்களோடு கடலில் நங்கூரம் போட்டு நின்றது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, விமானம் இல்லை, எந்தத் துறைமுகமும் ஆள் இறங்க விடவில்லை. ஆள் இல்லாத பயணி அறை ஒன்றை இப்போது அவனுக்குக் கொடுத்திருந்தார்களாம், பால்கனியோடு. "வெளிச்சம் இருக்கும்மா, ஊருக்குத்தான் வழி இல்ல" என்று எழுதியிருந்தான். அவனைப் போல ஒப்பந்தம் முடிந்தும் கரை காணாமல் நின்ற கடல் ஊழியர்கள் அந்த ஆண்டின் பிற்பகுதியில் சுமார் 4 லட்சம் பேர் என்று உலகக் கடல்துறை அமைப்பு சொன்னது. வீடு போய்ச் சேர மழைக்காலம் ஆகிவிட்டது அவனுக்கு. தகப்பனார் இறந்ததைக் கப்பலில் இருந்தே கேட்டான்.

2022இல் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல்கள் மறுபடி வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போக ஆரம்பித்தன. விடுமுறை நாள்களில் குரூஸ் சென்டரில் நிற்க இடமில்லை. பக்கத்திலேயே மரினா சவுத் பியரிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்குப் படகு. தனிமை நிலையம், பிறகு அரசியல் கைதிகளின் முகாம், அபினிக்கு அடிமையானவர்களின் மறுவாழ்வு நிலையம் என்று பல வேஷம் கட்டிய தீவில் இப்போது கடலாய்வு மையமும் பூனைகளும் இருக்கின்றன. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அவளிடம் எள்ளுத்தாத்தாவின் சிவப்புத் துண்டைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டாள்: "துணியக் கெடுத்துட்டாங்கல்ல, சாரி சொன்னாங்களா ஆயா?"

பையன் மறுபடி கப்பலுக்குக் கிளம்பினான். வேறு கம்பெனி. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "டீச்சரம்மா, இங்கிலீஷ்ல நுணுக்கி எழுதியிருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்றான். கடல் ஊழியருக்கென்று 2006இல் உருவான உலக உடன்படிக்கை ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் கப்பல் முதலாளி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது அதில் இருக்கிறது. 2020இல் அது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் காற்றில் போனது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஊர் திரும்பும் செலவு கம்பெனியுடையது என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. துறைமுகம் மூடினால் என்ன என்று எங்கேயும் இல்லை. அதை எழுதிக் கேள், பதிலை எழுத்திலேயே வாங்கு, வாங்காமல் கையெழுத்துப் போடாதே என்று பதில் அனுப்பினேன்.