அழகுச் சான்றிதழ் கிடைத்தது, நன்றி

அனுப்புநர்: பாலிசிதாரர், ராஜபாளையம்.

பெறுநர்: மருத்துவ அதிகாரி, முன் அனுமதிப் பிரிவு, எங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கான விண்ணப்பத்தைத் தாங்கள் நிராகரித்தமைக்குப் பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

நான் கேட்ட சிகிச்சை ‘அழகுக்கானது’ என்று எழுதி, அதனால் பணம் தர இயலாது என்று தெரிவித்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. நாற்பதைத் தாண்டி, சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, அழகு சம்பந்தமாக யாரும் இதுவரை எழுத்தில் எதுவும் கொடுத்ததில்லை. வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகக்கூடச் சொன்னதில்லை.

தங்கள் வேகத்தையும் பாராட்ட வேண்டும். கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லச் சொல்லி 2024 மே மாதச் சுற்றறிக்கையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. தாங்கள் அதை அப்படியே மதித்தீர்கள். என் தோள்பட்டையில் பள்ளம் விழ இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதை அழகு என்று கண்டுபிடிக்கத் தங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கோப்பில் என் அழகைப் பற்றிய விவரம் போதாது என்று தோன்றுகிறது. தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தோளிலும் பாடிப் பட்டை பதிந்த இடத்தில் விரல் வைத்தால் விரல் உட்கார்ந்துகொள்ளும். கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் மாட்டினார்கள். தேய்மானத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள் யாரும், தேய்க்கிற பாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் பேரேட்டில் கை ஓடாது, சுண்டுவிரல் மரத்துவிடும். சித்திரை பிறந்தால் மார்புக்கு அடியில் வேர்த்து, அரித்து, தோல் உரிந்து, புண்ணாகி நிற்கும். பூஞ்சைப் பவுடர் இல்லாமல் நான் கோடையைக் கண்டதில்லை. குப்புறப் படுப்பது என்ன சுகம் என்று மறந்து போயிற்று. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், முதலில் நெஞ்சோடு ஹேண்ட்பேக்கை அணைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் அழகுக் குறிப்புகள்தானே?

உடைக்கு நான் தளவாய்புரத்துக்குக் கடன்பட்டவள். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர், நைட்டிக்குப் பேர்போனது. உலகத்திலேயே என் அளவை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே தொழில் அது. ஆனால் நைட்டிக்கு மேலே ஒரு துண்டு வேண்டும். காய்கறி வண்டிக்காரர் மணி அடித்ததும் பெண்கள் முதலில் தேடுவது பையை அல்ல, துண்டை.

வலி எப்போது தொடங்கியது என்று படிவத்தில் கேட்டிருந்தீர்கள். ஏழாம் வகுப்பில். வலி அப்போது வரவில்லை, கூன் வந்தது. “நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்காதடி, குனிஞ்சு நட” என்றார் அம்மா. அவருக்கு அவர் அம்மா சொன்னது. விளையாட்டு பீரியடில் ஓடாமல் இருக்க வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். வெட்கத்தில் வளைந்த முதுகின் மேல் பிறகு பாரமும் ஏறி உட்கார்ந்தது. எங்களுக்குக் கூன் போடக் கற்றுக்கொடுத்த ஊர், பின்னால் “ஏன் இப்படிக் கூனிக்கிட்டே நடக்கிற?” என்றும் கேட்கும்.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண்ணான ஆண்டாளின் ஊர். நாச்சியார் திருமொழியில் தன் மார்பைப் பற்றி, தெய்வத்திடமே, ஒளிவு மறைவில்லாமல் பேசியவள் அவள். அந்த 143 பாசுரங்களில் வாரணமாயிரத்தைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். மற்றவற்றில் சங்கடமானவற்றை உரையாசிரியர்களிடம் விட்டுவிட்டோம். 2018 ஜனவரியில் ராஜபாளையத்து மேடை ஒன்றில் கவிஞர் ஒருவர் ஆண்டாளைப் பற்றிப் பேசியதற்காகத் தமிழ்நாடே வாரக்கணக்கில் சண்டை போட்டது. அவள் பெருமைக்காக அத்தனை குரல் எழும்பிய இதே மண்ணில், மருந்துக்கடையில் “எங்க புண்ணு?” என்று கேட்டால் நான் “கைல” என்றுதான் சொல்கிறேன். மருத்துவமனையில் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. மேசைத் தம்பி, என் விண்ணப்பத்தில் உறுப்பின் பெயரைத் தட்டச்சு செய்யவே கூச்சப்பட்டு ‘மேல் பகுதி’ என்று போட்டுவிட்டார். நல்ல பிள்ளை. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி தங்கள் காரணங்களுக்கு வருகிறேன். மூன்று சொல்லியிருக்கிறீர்கள்.

முதலாவது, அழகு சிகிச்சை விலக்கு. 2019-ல் ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் இது எட்டாவது. முழுவதும் படித்தேன். தாங்களும் படிக்கலாம், ஒரு பத்திதான். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு விலக்கு கிடையாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் தேவைப்படும் சிகிச்சைக்கும் கிடையாது. அந்தத் தேவைக்குச் சான்று தர வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். மதுரையில் என்னைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சான்று தந்தார். தங்கள் அலுவலகத்தில் என்னைப் பார்க்காத மருத்துவர் அதை மறுத்தார். என் ஆபத்து ‘உடனடி’ இல்லையாம். உண்மைதான். கழுத்து ஒரே நாளில் ஒடிந்திருந்தால் தங்களுக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். வருஷக்கணக்கில் மெதுவாகத் தேய்ந்தது என் ஒழுங்கீனம்.

இரண்டாவது, ‘பாலிசிக்கு முன்பே இருந்த நோய்’. ஒப்புக்கொள்கிறேன். பாலிசி எடுத்த அன்று என்னிடம் மார்பகங்கள் இருந்தன. மறைக்கும் எண்ணம் இல்லை, மறைக்கவும் முடியாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். முதல் காரணத்தில் இது நோயே இல்லை, அழகு. இரண்டாவது காரணத்தில் இது நோய், அதுவும் பழைய நோய். ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழ். நோய் என்றே வைத்துக்கொள்வோம். முன்பிருந்த நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் என்று 2024-ல் ஆணையம் குறைத்துவிட்டது. நான் அதைத் தாண்டியும் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது, எடையைக் குறைக்கச் சொல்லும் அன்பான அறிவுரை. உடற்பருமன் அறுவை சிகிச்சை பற்றிய ஆறாவது விலக்கையும் படித்தேன். உடல் நிறை எண் குறைந்தது 40, அல்லது கூடவே கடுமையான நோய் இருந்தால் 35 இருக்க வேண்டும். அந்த விதிக்கு நான் ஒல்லி, தங்கள் அறிவுரைக்கு நான் குண்டு. இடைப்பட்ட இந்த உடம்பை எந்தப் பிரிவில் வைப்பது? அமெரிக்காவில் 2002-ல் ‘பிராவோ’ என்ற ஆய்வின் முடிவுகள் வந்தன. எடைக் குறைப்பு, பிசியோதெரபி, விசேஷ உள்ளாடை இவையெல்லாம் இந்த வலிக்கு நிலையான நிவாரணம் தரவில்லை, அறுவை சிகிச்சை தந்தது என்பது அதன் சாரம். டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009-ல், 17 வயதில், இதைச் செய்துகொண்டார். 2018-ல் பிரெஞ்சு ஓப்பனையும் 2019-ல் விம்பிள்டனையும் வென்றார். இரண்டும் அழகிப் போட்டிகள் அல்ல என்று கேள்வி. எனக்கு விம்பிள்டன் வேண்டாம். ஆடிப்பூரத் தேரோடு ரத வீதிகளை முதுகு வலிக்காமல் ஒரு தடவை சுற்றி வந்தால் போதும்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் நடக்கும் அறுவை இது. திசுவையும் தோலையும் எடுத்து, ரத்த ஓட்டம் அறுபடாமல் காம்பை மேலே நகர்த்தி வைப்பார்கள். பலருக்குத் தழும்பு நங்கூர வடிவில் நிற்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம், போகலாம். பின்னால் குழந்தைக்குப் பால் கொடுப்பது சிரமமாகலாம். சர்க்கரை இருந்தால் புண் ஆற நாளாகும். மருத்துவர் இவ்வளவையும் சொல்லி, யோசித்து வாருங்கள் என்று அனுப்பினார். அழகுக்காகப் போகிறவள் நெஞ்சில் நங்கூரத் தழும்பைக் கேட்டு வாங்குவாளா? இந்த லாப நட்டக் கணக்கை நான்தான் போட வேண்டும். தாங்கள் எனக்கு முன்பே போட்டு, கீழே கோடும் கிழித்துவிட்டீர்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையே இருக்கிறதே, அங்கே போகலாமே என்பீர்கள். போகலாம். பிரீமியத்தை டீனிடம் கட்டிவிடட்டுமா?

காயத்துக்குக் கட்டும் துணியைப் பற்றிக் கவலை வேண்டாம். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த காஸ் துணி ஊர் ஊராகப் போகிறது. ஊரார் புண்ணுக்கெல்லாம் கட்டு அனுப்பிக் கணக்கு எழுதுகிறவள் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று, இது நோயா அழகா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, மெதுவாக வரும் வலியும் வலிதான் என்று ஏற்று, என்னைப் பரிசோதித்தவரின் சான்றைப் படியுங்கள். அதில் தவறு இருந்தால் என்ன தவறு என்று மருத்துவ மொழியில் எழுதுங்கள். மூன்று, நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவோ, அதன் மூன்று பேர் கொண்ட உரிமைகோரல் மறுஆய்வுக் குழுவோ ஒப்புதல் தராமல் எந்த உரிமைகோரலையும் நிராகரிக்கக் கூடாது என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. அந்த மூவரும் என் தாளைப் பார்த்தார்களா என்று தெரிவியுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் சந்தோஷம்.

பதில் 30 நாளுக்குள் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இதே கடிதம் கிடைத்து, பீரோவில் மடித்து வைத்திருக்கும் மற்ற பெண்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும். பெண்களே, மனு எழுதும்போது உறுப்பின் பெயரை முழுசாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிரீமியம் பாக்கி இல்லாத பாலிசிதாரர்.