மூன்று லட்சம் பேர் சொன்ன பெயர்

அறிவியல் உலகத்திலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது, சொல்லுங்கள் பார்ப்போம். ஐன்ஸ்டைனின் சார்பியலா? டி.என்.ஏ.வின் முறுக்கிய ஏணியை வரைந்து காட்டிய வாட்சன், கிரிக்கா? இரண்டும் இல்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க ஒரு செய்முறைக் குறிப்பு. அவ்வளவேதான் சார்!

எழுதியவர் ஆலிவர் லௌரி. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறைத் தலைவர். கூட மூன்று சகாக்கள், வருஷம் 1951. 2014-ல் 'நேச்சர்' இதழ் முதல் 100 கட்டுரைகளுக்கு ரேங்க் லிஸ்ட் போட்டபோது லௌரிக்கு 3,05,000 மேற்கோள்கள், முதலிடம். நோபல் வாங்கிய வாட்சனும் கிரிக்கும்? கட்-ஆஃபே தாண்டவில்லை, பாவம்.

அப்படி என்னதான் ரெசிபி? புரதத்தில் காரமான செப்புக் கரைசலை ஊற்றுங்கள். பத்து நிமிஷம் பொறுங்கள். ஃபோலின் திரவத்தை விட்டதும் சட்டென்று கலக்குங்கள். அரை மணியில் நீலம் பூக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு புரதம். ஃபோலின் திரவம் லௌரியுடையது அல்ல. செம்பைச் சேர்க்கலாம் என்ற யோசனையும் பழசுதான். இவர் பார்த்தது பதம் மட்டுமே!

அதையும் அவராக ஓடிப்போய் அச்சேற்றவில்லை. அக்கம்பக்கத்து ஆய்வகங்களில் ஓசியில் புழங்கிக்கொண்டிருந்த முறை அது. பிற்பாடு நோபல் வாங்கப்போகும் ஏர்ல் சதர்லாந்துதான், "எங்கள் கட்டுரையில் எதைக் காட்டி இதை எழுதுவது?" என்கிற ரீதியில் நச்சரித்தாராம். ஆக, மேற்கோள்களின் மகாராஜா பிறந்ததே, மேற்கோள் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்காக.

முறையில் கோளாறு உண்டு. டிடர்ஜென்ட் கலந்தால் சொதப்பும், சர்க்கரை கலந்தால் சொதப்பும், உயிர்வேதியியல்காரர்கள் தினமும் கலக்கும் டிரிஸ் பஃபரிலும் சொதப்பும். உடனே இதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பிவிட்டார்கள். குறை சொல்ல வந்தவனும் பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? எண்ணிக்கை இன்னும் ஏறியது.

கல்யாண மண்டபத்தில் அண்டா, குண்டான், கரண்டி வரைக்கும் வாடகைப் பாத்திரக் கடைக்காரர் பெயர்தான் வெட்டியிருக்கும். மாப்பிள்ளை பெயர் வாசல் போர்டில் மட்டும். லௌரி பாத்திரக் கடைக்காரர்.

இதில் சோகம் என்னவென்றால், மனிதர் உண்மையிலேயே கில்லாடி. கண்ணுக்கே தெரியாத மெல்லிய குவார்ட்ஸ் இழையை ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையில் ஒற்றை நரம்புச் செல்லைத் தொங்கவிட்டு, இழை எவ்வளவு வளைகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடை போட்டவர். தூண்டில் தராசு என்று பெயர். ஒரு நரம்புச் செல்லுக்கு எடை! உலகம் கேட்டது என்னவோ, "சார், அந்த நீலம்?"

இது பெரிய கட்டுரை இல்லை என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இந்தக் கவனிப்பு உள்ளூர இனிக்கத்தான் செய்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். லைக் எண்ணிக்கையைத் திருட்டுத்தனமாகப் பார்க்காதவர் உண்டா?

இப்படி மேற்கோள்களை எண்ணுகிற வியாதியைக் கிளப்பிவிட்டவர் யூஜின் கார்ஃபீல்ட். எந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பு சுட்டுகிறது என்று அமெரிக்க வக்கீல்கள் வைத்திருந்த அட்டவணையைப் பார்த்து, 1964-ல் விஞ்ஞானிகளுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். பிறர் கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் என்பது அவர் ஆசை. விஞ்ஞானிகள் புரட்டியதும் முதலில் தேடியது யார் பெயரை என்று நான் சொல்லவேண்டுமா?

பிறகு பதவி உயர்வுக் கமிட்டிகளுக்கு ஒற்றை எண் தேவைப்பட்டது. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஐம்பது கட்டுரைகள் ஆளுக்கு ஐம்பது மேற்கோளாவது வாங்கியிருந்தால், உங்கள் மதிப்பு 50. சரி, மூன்று லட்சம் வாங்கிய கட்டுரைக்கு? அதுவும் அந்த ஐம்பதில் ஒன்று, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் செல்லாத நோட்டு.

லௌரி 1996-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தப்பித்தார்.