மொய் எழுதுமிடத்தில் இயர் ப்ளக்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் பக்கம் ஒரு ரிசப்ஷனுக்குப் போய்வந்தேன். இடது காதுக்குள் கீபோர்டு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது. வலது காது தேவலை, அது ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப்போகிறேன். கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ரொம்ப உபயோகமானது. அதற்கு முன்னால் மண்டபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி ஹாரன் அடித்தால் பக்கத்துக் கிராமத்து மாடு திரும்பிப் பார்க்கும். அந்த ஹாரன் மண்டபத்துக்குள் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது காரணமில்லை. மேடையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஒரு கீபோர்டு, டிரம் பேடு, பாடகர் ஒருவர், பாடகி ஒருவர், நெஞ்செலும்புக்கு நேரடியாகப் பேசும் பேஸ் கிடார். ரொம்ப நாள் கழித்துப் பார்த்த பெரியப்பாவிடம், "சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பாயசத்துல கம்மிதான், தைரியமா சாப்பிடு" என்றார்.

பாடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினார் என்று நினைக்கிறேன், வாயசைவை வைத்துச் சொல்கிறேன். நடுநடுவே, "மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எங்க இருக்கீங்க?" என்று பாடகர் கத்தினார். பதில் வரவில்லை. அவர்கள் செகண்ட் ஷிஃப்டில் இருந்தார்கள். "எல்லாரும் ஜோரா கை தட்டலாமே!" என்றபோது எங்கள் பந்தியில் அத்தனை பேர் கையிலும் சாம்பார்.

ஆயுசில் பாதியைப் பிரஸ் ஷாப்பில் கழித்தவன் நான். தகடு மேல் டை இறங்கும் சத்தம் பழகிய காது இது. தொழிற்சாலை விதிகளில் சத்தத்துக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. 90 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் நிற்கலாம். 95 என்றால் நாலு மணி. 100 என்றால் இரண்டு. 105 என்றால் ஒரே மணி. 110-க்கு அரை மணி, 115-க்குக் கால் மணி, அதற்குமேல் ஆளை நிறுத்தவே கூடாது. குவாலிட்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போனில் ஆப் போட்டுக் காட்டினான். முள் 105-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. ஆக, மண்டபத்தில் ஒரு விருந்தாளிக்கு அனுமதி ஒரு மணி நேரம். மேடையேறி போட்டோ எடுக்க நிற்கும் வரிசைக்கே அது சரியாகப் போய்விட்டது. அதன்பின் சாப்பிட்டது, தாம்பூலப் பை வாங்கியது எல்லாம் ஓவர்டைம். பஞ்சப்படி கிடையாது.

இதைச் சரிசெய்ய வழியிருக்கிறது. வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு வைக்கிற தட்டிலேயே இயர் ப்ளக்கும் வைக்கலாம், ஆரஞ்சு நிறம், நூல் கோத்தது. பெண் வீட்டார் பன்னீர் தெளிக்க, மாப்பிள்ளை வீட்டார் காதில் செருகிவிடலாம். ஸ்பீக்கரைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, அதைத் தாண்டுகிற சித்தப்பாக்களுக்கு வார்னிங் மெமோ கொடுக்கலாம். முன்வரிசைக் குழந்தைகளைக் கால் மணிக்கு ஒருதரம் ஜாப் ரொட்டேஷனில் பின்வரிசைக்கு மாற்றலாம். சத்தமான இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பதினாலு நாளுக்குள் காது பரிசோதனை, பிறகு வருஷத்துக்கு ஒன்று என்பது ஆலையில் சட்டம். சம்பந்தி வீட்டாருக்கு நிச்சயதார்த்தத்தன்று ஒன்று, தலைதீபாவளிக்கு ஒன்று எடுத்து ஃபைலில் வைக்கலாம். கச்சேரிக்கு முன்னால் சேஃப்டி ஆபீசர் மைக் பிடித்து, "அவசரகால வழி டைனிங் ஹால் பக்கம், அசெம்பிளி பாயிண்ட் ஐஸ்கிரீம் கவுண்டர்" என்று ஐந்து நிமிஷம் பேசலாம். அதையும் அந்த டிரம் பேடு பையன் விடமாட்டான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தட்டு தட்டுவான்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், மொய்யைத் தவிர. மொய் மேஜையை எந்தப் புண்ணியவான் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அடியில் போட்டானோ தெரியவில்லை. என் பெயர் பாலு. நோட்டுக்காரர் வேலு என்று எழுதினார். குனிந்து கத்தினேன். தலையாட்டிவிட்டு, பக்கத்தில் "வாலாஜாபாத்" என்று சேர்த்துக்கொண்டார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த பணத்தை நான் திருப்பிச் செய்ததற்கு இப்போது சாட்சியே இல்லை. வாலாஜாபாத் வேலு யாராக இருந்தாலும், உங்கள் கணக்கில் ஆயிரத்தொன்று ஏறியிருக்கிறது, நன்றாக இருங்கள்.

போலீசில் சொல்லலாமே என்பீர்கள். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளைப் புரட்டினேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் விருந்து மண்டபம் மாதிரி மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டு, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக. தகவல் பரிமாற்றம்! பாயசத்தில் சர்க்கரை கம்மி என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த தகவல்.

சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கும் போயிருந்தேன். நாதஸ்வரக்காரர் பைரவியை நிதானமாக விரித்துக்கொண்டிருந்தார். ஆச்சாமரத்தில் கடைந்து, வீதி உலாவில் நாலு தெருவுக்கும் கேட்கவேண்டும் என்று செய்த வாத்தியம் அது. நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அப்பேர்ப்பட்ட வாத்தியத்தின் முன் ஒரு மைக்கை நிறுத்தியிருந்தார்கள், ஏசி ஹாலுக்குள்! அதுவும் போகட்டும். கேட்க ஆள் வேண்டாமா? ராத்திரி கச்சேரியில் செல்போன் விளக்கை ஆட்டிய கூட்டத்தில் கால்வாசி கூட இல்லை. இருந்தவர்களும் இட்லி எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் பைரவி பாதியில் நின்றது. மேளக்காரர்கள் நாலு பேரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். வடை தீர்ந்துபோயிருந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கச்சேரி வையுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? மொய் மேஜையை மட்டும் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். மேளக்காரர்களை முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.