பூனைக்குப் பெரட்டு

கோலா கங்சாரில் எங்கள் தாமானில் யார் வீட்டுக்குப் புதுப் பூனை வந்தாலும், அது பெட்டியை விட்டு இறங்குவதற்குள் மண்டோர் மாமா வந்துவிடுவார். அவர் ஆட்களை மேற்பார்த்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாகி, லயத்தை விட்டு இங்கே குடிவந்து பல காலமாயிற்று. காக்கிச் சிலுவார் போய்க் கைலி வந்துவிட்டது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்தவருக்கு இப்போது கணக்கெடுக்க ஆளில்லை. அதனால் தாமானுக்குப் புதிதாக வரும் மருமகள், வாடகைக்காரர், நாய், பூனை எல்லாரும் அவர் கணக்கில்தான் சேர்த்தி. கொள்கை ஒன்றே ஒன்று: "மொத நாளே தட்டி வெக்கணும். இல்லேன்னா கையில நிக்காது."

போன மாதம் எதிர்வீட்டு டீச்சர் ஒரு பூனை கொண்டுவந்தார். நுனி மடங்கிய குட்டை வால். பெட்டியைத் திறந்ததுதான் தெரியும், பூனை கட்டிலுக்கடியில். மாமா வந்து, "எங்க ஆளு?" என்றார். குனிந்து பார்த்து, "வெளிய வா!" என்று நானூறு மரத்துக்கு அப்பால் கேட்கும்படி அதட்டினார். பூனை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. பிறகு ஆலோசனைகள் வந்தன. சாக்கில் போட்டு வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினால் பழைய வழி மறந்துவிடுமாம். பாதத்தில் நெய் தடவினால் நக்கி நக்கி வீட்டோடு நின்றுவிடுமாம். கடைசியில் துடைப்பக்கட்டை உள்ளே போனது. பூனை அலமாரி உச்சிக்குத் தாவிய வேகத்தில், ஆற்றுக்கு அக்கரை சாயோங்கில் வாங்கிய கறுப்பு லாபு கூஜா நான்கு துண்டாகிவிட்டது.

மாமா அசரவில்லை. "பிரேசில்லேர்ந்து வந்த கித்தா மரமே 1877ல இங்க வந்து வேர் விட்டுச்சு. இன்னிக்கும் நிக்குது, போய்ப் பாருங்க டீச்சர். இந்தப் பூனைக்கு என்னா?"

சத்தம் கேட்டு வந்த மாமா வீட்டு அத்தை சொன்னார்: "அந்தக் கன்ன நீங்க இப்படி இழுத்துப் போட்டிருந்தீங்கன்னா, அதுவும் பட்டுப்போயிருக்கும். வீட்டுக்குப் போங்க."

அத்தை தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். புதுப் பிள்ளை அழுதால் என்ன செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஓர் அறைக் கதவைச் சாத்தினார். ஒரு மூலையில் மணல் பேசின். அதற்கு எட்டத்தில் சோறும் அவித்த கெம்போங் மீனும். ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, டீச்சரின் பழைய பாத்தேக் துணியை உள்ளே போட்டார். பிறகு பூனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலி கிள்ள ஆரம்பித்தார். தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். பூனையைக் கூப்பிடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து, பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பயம் தெளிந்தன என்று 2014இல் எழுதினார்கள். ஆயாக்கொட்டகைக்கு அந்தத் தகவல் எப்படி முன்கூட்டியே வந்ததோ!

சில நாளில் பூனை இறங்கியது. முதலில் நெத்திலித் தலை, பிறகு மேசைக்கால். கன்னத்தை அதில் தேய்த்துத் தன் வாசனையைப் பூசியது. பூனை வீட்டுக்குப் பட்டா எழுதிக்கொள்ளும் முறை அதுதான். அடுத்து அறை அறையாகத் திறந்துவிட்டார்கள்.

செய்தி மாமாவுக்கும் எட்டியது. இப்போது சாப்பாட்டுக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அன்னிக்கு நான் ஒரு அதட்டு போட்டேன்ல? அதான் ஒழுங்கா இருக்கு!"

உங்கள் வீட்டுக்குப் பூனை வருவதாக இருந்தால், முதல் இரண்டு மூன்று வாரம் வாசற்கதவைச் சாத்தியே வையுங்கள். பூனையும் வெளியே போகாது, மண்டோரும் உள்ளே வரமாட்டார்.