மர்ரே ஹில் தல புராணம்

நிரல் எழுத லினக்ஸா, மேக்கா, விண்டோஸா என்று சட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஐடி பிள்ளைகள், யூனிக்ஸ் அவதரித்த லட்சணத்தை ஒருமுறை கேட்பது நல்லது.

1969. நியூ ஜெர்சி, மர்ரே ஹில், பெல் லேப்ஸ். எம்.ஐ.டி.யும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் கூட்டாளிகளாக இருந்த மல்டிக்ஸ் இயங்குதளத் திட்டத்திலிருந்து பெல் அப்போதுதான் கையை உதறியிருந்தது. காகிதத்தில் அதற்கு இல்லாத வசதியே கிடையாது; கிரகப்பிரவேசத்துக்குத்தான் நாள் அமையவில்லை. சூடுபட்ட நிர்வாகம், இயங்குதளம் என்ற பேச்சை எடுத்தாலே பணப்பெட்டியைப் பூட்டியது.

ஆக, அந்தத் திட்டத்தில் இருந்த பெல் ஆராய்ச்சியாளர் கென் தாம்சனுக்கு வேலை போய்விட்டது, சம்பளம் போகவில்லை. ஆராய்ச்சியாளனை இப்படி விட்டுவைக்கவே கூடாது. மனிதர் சூரிய மண்டலத்தில் விண்கலம் ஓட்டும் ‘ஸ்பேஸ் டிராவல்’ என்ற விளையாட்டை எழுதினார். பெரிய கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 75 டாலர் கணக்கில் ஏறியது. அந்த விலைக்கு நிஜ ராக்கெட்டே தேவலாம். யாரும் அதிகம் சீண்டாத பிடிபி-7 கம்ப்யூட்டர் ஒன்று கண்ணில் பட்டது. திரை அருமை, மென்பொருள்தான் பெயருக்குக்கூட இல்லை. விளையாட்டை அதற்கு மாற்றப்போய், கோப்பு முறை ஒன்றும் கைவசம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி, ஒரு வயதுப் பிள்ளையோடு கலிபோர்னியாவிலிருக்கும் மாமனார் மாமியாரைப் பார்க்க மூன்று வாரம் போனார். முழு இயங்குதளத்துக்கு மிச்சமிருந்தது மூன்று வேலை: எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம், கெர்னலுக்கு ஒரு வாரம். அம்மையார் திரும்பி வருவதற்குள் யூனிக்ஸ் தயார். உலகம் நன்றி சொல்ல வேண்டியது அந்த மாமியாருக்கு.

அடுத்து, பெரிய மெஷின் வேண்டும். இயங்குதளம் என்று கேட்டால் கிடைக்காது என்பதால், ஆவணம் தயாரிக்கும் ஏற்பாடு என்று மனு போட்டார்கள். பிடிபி-11 வந்தது, அதன் டிஸ்க் சாவகாசமாகச் சில மாதம் கழித்து வந்தது. 1971-இல் காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டும் டைப்பிஸ்டுகள் அதில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் யாரும் கருத்து கேட்கவில்லை.

லினக்ஸ் மட்டும் என்ன வாழ்ந்தது? ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ், மோடம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு டயல் செய்வதாக நினைத்து, அதுவரை ஓட்டிக்கொண்டிருந்த மினிக்ஸ் இயங்குதளம் இருந்த ஹார்ட் டிஸ்க் பிரிவுக்கே டயல் செய்து அதைக் காலி பண்ணினார். மறுபடி மினிக்ஸை ஏற்றுவதா, தான் எழுதிக்கொண்டிருந்த அரைவேக்காட்டுக்கே குடிபோவதா? குடிபோனார். ஒப்பிட்டுப் பார்க்க மினிக்ஸ் ஏது?